செம்பனையும் ஒரு சிறு வண்டும்

அரபியில் 'ல-க-ஹ' என்னும் வேரினின்று பிறந்த 'தல்கீஹ்', மரத்திற்கு மகரந்தம் ஏற்றுதலைக் குறிக்கும். இன்றைய அரபியில் தடுப்பூசி போடுவதற்கும் அதுவே சொல். திருமறையின் 15ஆம் அத்தியாயம் (வசனம் 22) காற்றுகளை அதே வேரிலிருந்து 'லவாகிஹ்' என அழைக்கிறது. மதீனாவின் பேரீச்சந் தோப்பினரோ காற்றை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஆண் பாளையைப் பெண் பாளையில் கையால் செருகினர். அதனால் பயனிருக்குமென அண்ணலார் (ஸல்) அவர்கள் கருதாததும், தோப்பினர் அதனைக் கைவிட்டபோது விளைச்சல் குன்றியதும், உலகியல் காரியங்களை அவற்றைச் செய்வோரே நன்கறிவர் என அண்ணலார் தெளிவுபடுத்தியதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன.

பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் ஏறத்தாழ அதே வேலை மலேசியத் தோட்டங்களில் நம்மவர் கைக்கு வந்து சேர்ந்தது. ஆப்பிரிக்கச் செம்பனையின் நான்கு கன்றுகள் 1848இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தை அடைந்தன. 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் அது வணிகப் பயிராயிற்று. மரம் வந்தது, அதன் பூச்சி உடன் வரவில்லை. செம்பனை காற்றால் சூலுறுவது என்று அறிஞர்கள் நம்பியிருந்தமையால் அக்குறை நெடுங்காலம் புலப்படவில்லை. குலைகளில் காய் பிடிக்காதபோது, மகரந்தத்தை டால்க் மாவில் கலந்து தொழிலாளர்கள் மரம் மரமாகத் தூவினர். அவர்களுள் தமிழர் கணிசமானோர். நிர்வாக மொழியில் இதற்குத் 'துணை மகரந்தச் சேர்க்கை' என்று பெயர். துணை செய்த கை யாருடையது என்பதை அப்பெயர் சொல்லாது.

கேமரூனில் எவரும் தூவாமலே குலைகள் நிறைந்திருப்பதை யூனிலீவர் நிறுவனத்தின் லெஸ்லி டேவிட்சன் கவனித்தார். அக்காரணத்தை ஆராயும் பொறுப்பு 1977இல் பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் ஸையிதிடம் வந்தது. மகரந்தம் சுமப்பது என்றதும் நம் நினைவில் எழுவது 'அந்நஹ்ல்' அத்தியாயத்தின் தேனீயே. அவர் கண்டதோ, எலைடோபியஸ் கேமரூனிகஸ் என்னும் சின்னஞ்சிறு கூன்வண்டு. அது ஆண்பூங்கொத்தில் முட்டையிடும். புழுக்கள் வாடிய பூவைத் தின்று வளரும். பெண்பூவும் மலரும் வேளையில் சோம்பை ஒத்த அதே மணத்தை வீசும். உணவென நாடிவரும் வண்டு அங்கு ஏமாந்து, உடலில் ஒட்டிய மகரந்தத்தை உதிர்த்துப் போகும்.

பிற பயிர்களுக்குக் கேடு விளைவிக்காது என்பதைச் சோதித்த பின்னரே, 1981 பிப்ரவரியில் ஜொகூரில் அவ்வண்டு விடப்பட்டது. விரைவில் தீபகற்பமெங்கும் பரவியது. தூவும் வேலை ஒழிந்தது. நிர்வாகத்திற்குக் கூலி மிச்சம். தொழிலாளிக்கு ஒரு சலிப்பான வேலை போயிற்று. அதற்குரிய கூலியும் போயிற்று. இதனை வெற்றிக் கதையாகச் சொல்வோர் முதற்கணக்கை மட்டுமே எழுதுகின்றனர்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி நியாயவிலைக் கடைகளில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் வழங்கப்படும் பாமாயில், பெரிதும் இந்தோனேசியா, மலேசியா நாடுகளின் செம்பனைகள் தருவது. இந்தோனேசியாவிலும் 1983 முதல் இவ்வண்டுதான் அப்பணியைச் செய்கிறது.