பெயர் தந்த சிப்பாயும் பேச்சுத் தந்த தாயும்

நமது வீடுகளில் நாளாந்தம் புழங்கும் சில சொற்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சாவி, துவாய், பாண், குசினி. இவை யாவும் போத்துக்கேயர் வழி வந்தவை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நாம் வழங்கும் நத்தார் என்ற பெயரும் அவர்களுடைய ‘நத்தால்’ என்பதன் திரிபே. ஒல்லாந்தரிடமிருந்து பெற்றவற்றுள் முதலில் நினைவுக்கு வருவது கந்தோர். (கக்கூசும் அவர்கள் தந்ததுதான். அதனை இங்கே விரிக்க வேண்டியதில்லை.) 1505 முதல் 1658 வரை இந்நாட்டின் கரையோரங்களில் வாளும் துவக்குமாகத் திரிந்த ஓரினத்தார் விட்டுச் சென்ற சொற்கள் இப்படி அடுப்பங்கரையையும் முன்விறாந்தையையும் சுற்றியே கிடப்பானேன்?

இக்கேள்வியோடு மட்டக்களப்புக்குச் சென்று அங்குள்ள பறங்கியர் குடும்பங்களின் வாழ்வைப் பார்ப்பது பயன் தரும் என்பது என் எண்ணம்.

‘பிராங்கு’ என்ற ஐரோப்பிய இனப்பெயர் அரபு, பாரசீக வழியாக ஊர் சுற்றி வந்து நம்மிடம் ‘பறங்கி’ ஆயிற்று. ஒரு காய்க்கும் ஒரு கொடிய புண்ணுக்கும் அதே பெயரைச் சூட்டி நம் முன்னோர் கணக்குத் தீர்த்துக்கொண்டனர். ஆங்கிலத்தில் வழங்கும் ‘பேகர்’ என்பதோ ஒல்லாந்தச் சொல். சுதந்திரக் குடிமகன் என்பது அதன் பொருள். ஆனால் மட்டக்களப்பில் இப்பெயருக்குரியோர் வீட்டில் பேசியது ஒல்லாந்த மொழியன்று, போத்துக்கேயம். கும்பிட்டதும் ஒல்லாந்தரின் சீர்திருத்தத் திருச்சபையில் அன்று, அவர்கள் கத்தோலிக்கர். இங்கேதான் கதை சுவை பெறுகின்றது.

புளியந்தீவில் போத்துக்கேயர் கோட்டை கட்டியது 1628இல். பத்தே ஆண்டுகளில், 1638 மே மாதம், கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதனைப் பிடித்துக்கொண்டனர். பத்தாண்டு ஆட்சி ஒரு மொழியை ஊன்றப் போதுமா? போதாது. இரு ஆட்சிகளையும் தாண்டி நின்றது வேறொன்று. கோவாவைக் கைப்பற்றிய அல்புகெர்க் 1510 முதலே தன் சிப்பாய்களை உள்ளூர்ப் பெண்களை மணக்குமாறு தூண்டினான். அவ்வாறு மணந்தோர் ‘கசாதோ’ எனப்பட்டனர். பின்னர் வந்த ஒல்லாந்தக் கம்பனியும், குறிப்பாக மாட்சூய்கர் ஆளுநராயிருந்த 1640களில், இதே வழியைப் பின்பற்றிற்று. கம்பனிச் சிப்பாய்க்குப் பெண் எங்கே கிடைப்பாள்? ஐரோப்பாவிலிருந்து வந்த பெண்கள் மிகச் சிலர். ஏற்கெனவே கிறிஸ்தவராயிருந்த, போத்துக்கேயம் பேசிய வீடுகளிலேதான் பெரும்பாலும் பெண் எடுத்தார்கள்.

கம்பனியின் படையில் இருந்தோர் எல்லாரும் ஒல்லாந்தர் என்றும் எண்ணிவிடக்கூடாது. ஜெர்மன் நாட்டார், பிரெஞ்சுக்காரர் எனப் பல தேசத்து ஏழை வாலிபர்கள் கூலிக்குப் பெயர் பதிந்து கப்பலேறினர். ஆகவேதான் ‘போத்துக்கேயப் பறங்கியர்’ எனப்படும் மட்டக்களப்புக் குடும்பங்களிலே அவுட்ஸ்கோன் என்று ஒல்லாந்தப் பெயரும், பெல்சிங்கர் என்று ஜெர்மன் சாயலுள்ள பெயரும், பார்த்தலோட் என்று பிரெஞ்சுப் பெயரும் காண்கிறோம். குடும்பப் பெயரைச் சிப்பாய் தந்தான். மொழியையும் மதத்தையும் தந்தவள் அவன் மனைவி. கம்பனியின் ஏடுகளிலே அவனுக்கு ஊர், பதவி, சம்பளம் எல்லாம் உண்டு. அவளோ பல இடங்களில் வெறும் ஞானஸ்நானப் பெயரோடு நின்றுவிடுகிறாள்.

மதத்தைக் காத்தது இலேசான காரியமன்று. கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் கொடுப்போருக்கு மரணதண்டனை என ஒல்லாந்தர் 1658இல் கட்டளை பிறப்பித்தனர். கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் முற்றாக நீங்கியது ஆங்கிலேயர் காலத்தில், 1806இல். இடைப்பட்ட ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கோவில் இல்லாத இடத்தில் வீடே கோவில். குரு இல்லாத இடத்தில் செபமாலையை உருட்டிய தாயே குரு. இது என் ஊகமேயாயினும், வேறு எவ்வழியால் அந்த விசுவாசம் தப்பிற்று என்று எனக்குத் தோன்றவில்லை.

மொழியும் அவ்வாறே தமிழ்ப் பெண்களோடு கிணற்றடியில் பழகியது. போத்துக்கேயத்தில் ‘பர’ என்ற உருபு பெயர்ச்சொல்லுக்கு முன்னே வரும். மட்டக்களப்பு மொழியிலோ அது ‘ப’ எனச் சுருங்கி, நமது நான்காம் வேற்றுமை ‘கு’ உருபு போலச் சொல்லின் பின்னே போய் ஒட்டிக்கொள்கிறது. ‘அவனுக்கு’ என நாம் சொல்லும் ஒழுங்கிலேயே அவர்களும் ‘எலிப’ என்பார்கள். சொல் லிஸ்பனுடையது, நடை மட்டக்களப்பினுடையது.

சிறு வயதில் எங்கள் தெருவில் ஒரு பறங்கியர் வீடு இருந்தது. வீட்டுக்காரர் தச்சுவேலை செய்பவர். நாங்கள் அவரைப் பாஸ் ஐயா என்போம். ஆங்கிலேயர் 1795இல் மட்டக்களப்பைக் கைப்பற்றியபின் கம்பனிச் சிப்பாய் வேலை ஒழிந்தது. அவர்தம் சந்ததியினர் பலர் தச்சு, இரும்பு வேலைகளில் இறங்கினர். அந்த வீட்டில் படைக்கலம் எதையும் நான் கண்டதில்லை. உளியும் சீவுளியும், சுவரில் திருஇருதயப் படமும், மூலையில் ஒரு வயலினும்தான் இருந்தன. மாலையில் செபமாலை தமிழில் நடக்கும். பேரப்பிள்ளைகளை ஏசும்போது மட்டும் பாட்டிக்குப் போத்துக்கேயம் பொங்கி வரும். நத்தாருக்கு அவர்கள் கேக் அனுப்புவார்கள். பொங்கலுக்கு எங்கள் அம்மா புக்கை அனுப்புவார்.

கலியாண வீடென்றால் தெருவே கூடிவிடும். வயலினும் ரபானும் முழங்கக் கபிறிஞ்ஞா ஆட்டம். ‘காபிரி’ என ஆபிரிக்கரைக் குறித்த சொல்லிலிருந்து வந்த பெயர் அது. போத்துக்கேயர் கொண்டுவந்த ஆபிரிக்கச் சிப்பாய்களையும் அடிமைகளையும் அப்பெயர் இன்னும் நினைவூட்டுகின்றது. சிங்களப் பைலாவுக்கும் இதுவே மூலம். அதன்பின் சோடி சோடியாக நின்று லான்சர்ஸ் ஆடுவார்கள். லான்சர்ஸ் என்பது ஈட்டி ஏந்திய குதிரைப்படையினரின் பெயர். ஆட்டமோ ஆங்கிலேயர் காலத்து விருந்து மண்டபங்களிலிருந்து வந்தது. சிப்பாய் வம்சத்தில் படையின் பெயர் கடைசியில் ஒரு நடனத்துக்கு மிஞ்சியது எனக்கு ஒரு வகையில் ஆறுதலாகவே படுகின்றது.

இக்குடும்பங்களின் பாடல்களைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலர். சிவில் சேவை அதிகாரியாயிருந்த ஹியூ நெவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திரட்டிய ஏடுகளோடு இவர்களது பாடல் கையெழுத்துப் பிரதி ஒன்றும் இலண்டன் சென்றது. அமெரிக்க அறிஞர் கென்னத் டேவிட் ஜாக்சன் அதனை ஆராய்ந்து 1990இல் நூலாக்கினார். நம் பல்கலைக்கழகங்கள் நாட்டார் பாடல்களை ஊரூராய்த் தேடியபோது இந்தத் தெருவைத் தாண்டிப் போய்விட்டன என்பது என் மனக்குறை.

யுத்த காலத்தில் பல குடும்பங்கள் அவுஸ்திரேலியா சென்றன. எஞ்சியோருள் கணிசமானோர் கடலோரத்து டச்பாரில் வாழ்ந்தனர். 2004ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் காலை ஆழிப்பேரலை வந்தது. கொண்டாட்டம் முடிந்து கண்ணயர்ந்திருந்த வீடுகள் அப்படியே அள்ளுண்டு போயின. இறந்தவர்களுள் அம்மொழியை வழுவறப் பேசிய முதியோரும் இருந்தனர்.

அதன்பின் லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஊகோ கார்டோசோவும் அவர் குழுவினரும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பேச்சையும் பாட்டையும் ஒலி, ஒளிப்பதிவு செய்து காப்பகத்தில் சேர்த்தார்கள். இளையோரோ வீட்டிலும் வெளியிலும் தமிழே பேசுகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கலியாணத்தில் கபிறிஞ்ஞாப் பாட்டை ஓர் அட்சரமும் பிசகாமல் பாடிய பெண்பிள்ளையிடம் அதன் பொருள் என்ன என்று கேட்டேன். “அம்மம்மாட்டக் கேக்கணும்” என்றாள். அம்மம்மா அடுத்த கதிரையில்தான் இருந்தார். கேட்டுச் சொன்னாள்.