பின் சீட்டுக்கு என்ன வாங்கினோம்?

பைக் பைத்தியங்களோட பழகினவங்களுக்குத் தெரியும், வண்டி வாங்கறதோட செலவு முடியறதில்லை, அங்கதான் ஆரம்பிக்குது. ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டு நண்பர் போன மாசம் மட்டும் வாங்கின சாமான்: ஒரு டார்க் ரெஞ்ச், சார்ஜ் போட்டு வெச்சுக்கற குட்டி காத்து பம்ப், செயின் கழுவற பிரஷ், ஹேண்டில்பார்ல போன் மாட்டற கிளாம்ப், முழங்கைக்கும் தோளுக்கும் பேடு வெச்ச ஜாக்கெட். வீட்டு ஷோகேஸுக்கு ஒரு பொம்மை புல்லட் வேற. "மாசக் கடைசில சோத்துக்கு என்னய்யா பண்ணுவே?"ன்னு கேட்டா சிரிக்கிறார்.

இதைப் பார்த்ததுல இருந்து எனக்கு ஒரு நமைச்சல். ஐம்பது வருஷம் முன்னாடி இதே செங்கல்பட்டுல வண்டி வெச்சிருந்த ஒருத்தர், கையில நாலு காசு சேர்ந்தா வண்டிக்கு என்ன வாங்கியிருப்பார்? கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். பதிவு நீளமாயிடுச்சு மக்களே, பொறுத்துக்கங்க.

முதல்ல ஊர்ப்பெருமை பேசிடறேன். 1997ல காஞ்சிபுரம், திருவள்ளூர்னு ரெண்டா உடையறதுக்கு முன்னாடி செங்கல்பட்டு மாவட்டம் ரொம்பப் பெரிசு. (இப்ப இருக்கற செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர்ல பிறந்த குழந்தை.) புல்லட் தயாரான திருவொற்றியூர், ரெண்டாம் உலகப்போர் கால ஓடுபாதையில பைக் ரேஸ் நடந்த சோழவரம், 1990ல அதுக்கு வாரிசா வந்த இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக், இப்ப ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலைகள் இருக்கற ஒரகடம், வல்லம் வடகால், எல்லாமே அந்தப் பழைய மாவட்டத்து எல்லைக்குள்ள அடங்கிடும். சென்னைக்காரங்க இதையும் தங்க கணக்குல எழுதிக்கறாங்க, விடுங்க :-)

கதை ராணுவத்துல ஆரம்பிக்குது. சுதந்திரத்துக்கு அப்புறம் எல்லையில ரோந்து போறதுக்கு நம்ம ராணுவத்துக்கு பைக் தேவைப்பட்டுச்சு. மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனி இங்கிலாந்துல இருந்து ராயல் என்ஃபீல்டு புல்லட்டை இறக்குமதி பண்ணிக் கொடுத்துச்சு. 1955ல ரெண்டு பேரும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா. திருவொற்றியூர் ஆலை 1956ல திறந்துது, அந்த வருஷம் முடியறதுக்குள்ள மொத்தம் 163 வண்டி. ஆரம்பத்துல ரெட்டிச்ல இருந்து பெட்டியில வந்த பாகங்களைக் கோத்ததுதான். அப்புறம் அச்சும் கருவிகளும் இங்கயே வந்துடுச்சு. 1970ல இங்கிலாந்துக் கம்பெனி மூச்சை விட்டுச்சு. திருவொற்றியூர் நிக்கலை. 1977ல இங்க செஞ்ச புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி பண்ண ஆரம்பிச்சாங்க. பெத்தவ போனப்புறம் பிள்ளை தாய்வீட்டுக்குச் சீர் அனுப்பின மாதிரி.

சரி, அந்த வண்டியை வெச்சிருந்தவங்க என்ன வாங்கினாங்க? எங்க பெரியப்பாவோட பிஸ்கட் டின்னுல பதில் இருக்கு. எண்பதுகள்ல செகண்ட் ஹேண்டா ஒரு புல்லட் எடுத்தவர். வண்டி கைமாறிப் போய் ரொம்ப நாளாச்சு, டின்னு மட்டும் பரண்ல இருக்கு. உள்ள ஒரு செட் கான்டாக்ட் பாயிண்ட், கண்டென்சர், ஸ்பேர் கிளட்ச் கேபிள், ரெண்டு ஸ்பார்க் பிளக், ஃபீலர் கேஜ், மடிச்சு வெச்ச சீரோ நம்பர் உப்புத்தாள். எல்லாமே வண்டி நடுரோட்டுல நிக்கும்னு தெரிஞ்சு வாங்கினது. அழகுக்குன்னு ஒரு சாமான் கூட இல்லை.

இந்த இடத்துல கொஞ்சம் டெக்னிக்கல். பழைய புல்லட் எஞ்சின் 346 சிசி, 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். பிளக்ல எப்ப பொறி பறக்கணும்னு தீர்மானிக்கறது பாயிண்ட்னு சொல்ற ரெண்டு சின்ன உலோகத் துண்டு. அது தொட்டு விலகற நொடியிலதான் தீப்பொறி. அந்த இடைவெளி அரை மில்லிமீட்டர் கூடக் கிடையாது. தேய்ஞ்சாலோ கரி பிடிச்சாலோ வண்டி அடம் பிடிக்கும். உப்புத்தாளால தேய்ச்சு, கேஜ் விட்டு அளந்து, திரும்பப் பூட்டணும்.

ஸ்டார்ட் பண்றதே ஒரு சாங்கியம். ஹெட்லைட் மேல ஆம்பியர் மீட்டர் இருக்கும். கிக்கரை மெதுவா அழுத்தணும், ஒரு இடத்துல இறுகும். அப்ப டீகம்ப்ரஷர் லீவரைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினா மீட்டர் முள் நடுவுக்கு வரும். லீவரை விட்டு, கிக்கரை மேல வரவிட்டு, ஒரே உதை. முள்ளைப் பார்க்காம அவசரப்பட்டா கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போச்சு. பாயிண்ட் மூடியிருக்கா திறந்திருக்கான்னு அந்த முள்தான் சொல்லுதுங்கறது ஓட்டினவங்க எல்லாருக்கும் தெரியும். அதாவது எஞ்சினுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம அந்த வண்டியைக் கிளப்பவே முடியாது. யூசர் மேனுவலை மனப்பாடம் பண்ணினாத்தான் லாகின் ஆகும்ங்கற மாதிரி.

பார்ட்ஸ் வாங்க செங்கல்பட்டுல ரயிலேறி எழும்பூர்ல இறங்கணும். பழசு வேணும்னா நடந்தே புதுப்பேட்டை, புதுசுன்னா ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. ஒரு கேபிளுக்காக ஒரு நாள் லீவு. ஹெல்மெட்? டின்னுல அதுக்கு இடமில்லை, பரண்லயும் இல்லை. அந்தப் பேச்சே கிடையாது.

எண்பதுகள்ல ஜப்பான்காரன் வந்தான். 1983ல ராஜ்தூத் 350, 1985ல ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100. ஒரே உதையில கிளம்பற, எடை குறைஞ்ச, பெட்ரோல் குடிக்காத வண்டிங்க. (ராஜ்தூத் 350ம் ஆர்எக்ஸும் குடிக்காதுன்னு சொன்னா அடிக்க வருவீங்க, அதுங்க வேற ஜாதி.) புல்லட், போலீஸ்காரருக்கும் மீசை வெச்ச பண்ணையாருக்கும்னு ஆகிப்போச்சு. 1994ல ஐஷர் கம்பெனி கைக்குப் போச்சு. 2000ல சித்தார்த்த லால் பொறுப்பெடுக்கறப்ப மூடிடலாமான்னு பேச்சு. அப்ப அவருக்குக் கிட்டத்தட்ட என் வயசு. நான் இன்னும் அப்ரைசலுக்கு அழுதுக்கிட்டிருக்கேன்!

திருப்பம் 2009ல வந்த கிளாசிக். பார்க்க ஐம்பதுகளோட வண்டி, உள்ள புது எஞ்சின். கியர் வலது காலுக்கிட்ட இருந்து இடது காலுக்கு வந்துடுச்சு, பட்டனை அமுக்கினா ஸ்டார்ட். புக் பண்ணிட்டு மாசக்கணக்குல காத்திருந்தாங்க. 2014ல மட்டும் மூணு லட்சம் வண்டி, 2024-25 நிதியாண்டுல பத்து லட்சத்தைத் தாண்டிடுச்சு. 163ல ஆரம்பிச்சது ஞாபகம் இருக்கில்ல?

இதே காலத்துலதான் நம்ம பக்கம் ரோடும் சம்பளமும் சேர்ந்து வளர்ந்துது. ஈசிஆர் அகலமாகி 2002ல சுங்கம் வசூலிக்க ஆரம்பிச்சாங்க. பழைய மாமல்லபுரம் ரோடு முழுக்க ஐடி கம்பெனி. ஞாயித்துக்கிழமை விடியக்காலை கோவளம், மாமல்லபுரம்னு கூட்டமா போய் இட்லி சாப்பிட்டுட்டு வர்றது ஒரு சடங்காவே ஆச்சு. நாங்க செங்கல்பட்டு ஆளுங்க திருக்கழுக்குன்றம் வழியா போய் சேர்ந்துக்குவோம்.

வாங்கற சாமானும் மாறிச்சு. வண்டி நிக்காதுன்னு ஆனப்புறம் ஸ்பேர் எதுக்கு? முதல்ல சத்தம் வாங்கினாங்க. பஞ்சாபி, இந்தோரின்னு ஊர்ப்பேர் வெச்ச சைலன்சருங்க. அப்புறம் லெக் கார்டு, சைடு பாக்ஸ், எல்ஈடி லைட்டு. 2020ல பிஎஸ் 6 வந்து கார்புரேட்டரும் ஒழிஞ்சுது. இப்ப மெக்கானிக் அண்ணன் உப்புத்தாளுக்குப் பதிலா ஸ்கேனர் ஒயரைத்தான் மாட்டறார். "முன்னெல்லாம் காதுலயே கேட்டு சொல்லிடுவேன் தம்பி, இப்ப அதுவே நம்பர் போட்டு சொல்லுது"ன்னார். வருத்தமா பெருமையான்னு குரல்ல கண்டுபிடிக்க முடியலை.

ஈசிஆர்ல அடிக்கடி ஓட்டறவங்களுக்கு மட்டும் ஒரு தனிச் செலவு உண்டு. கடல் உப்புக்காத்து குரோமியம் பூச்சைச் சும்மா விடாது. ஸ்போக்லயும் சைலன்சர் மூட்டுலயும் முதல்ல பழுப்புப் புள்ளி தெரியும். அதுக்குன்னு ஷாம்பூ, மெழுகு, பிரஷர் வாஷர்னு வீட்டு மாடிப்படி அடியில ஒரு குட்டி வொர்க்‌ஷாப்பே முளைச்சிடுது. போதாததுக்கு ராயல் என்ஃபீல்டே 2022ல கிளாசிக் 500ஓட மூணுல ஒரு பங்கு அளவு மாடல் ஒண்ணு விட்டாங்க. விலை 68,000 ரூபாயை ஒட்டி. ஓடாத வண்டிக்கு!

2025 செப்டம்பர் 22ல இருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாச்சு, அதுக்கு மேல 40. என்னைக்கோ இங்கிலாந்துல தீர்மானிச்ச எஞ்சின் அளவு, இப்ப இருக்கறது 349 சிசி, நம்ம வரிக்கோட்டுக்கு ஒரு சிசி கீழ நிக்குது. அந்த தீபாவளிக்கு எங்க தெருவுலயே ரெண்டு புது புல்லட்.

இப்ப பெரியப்பாவோட டின்னுல இல்லாத அந்தச் சாமானுக்கு வர்றேன். ஹெல்மெட் போடணும்ங்கறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்துலயே இருக்கு, பிரிவு 129. ஓட்டறவருக்கு மட்டும் இல்லை, பின்னாடி உக்கார்றவருக்கும். தமிழ்நாட்டுல 2007 ஜூன்ல கெடுபிடி ஆரம்பிச்சு, கொஞ்ச நாள்ல தளர்ந்துடுச்சு. அப்புறம் உயர்நீதிமன்றம் சொல்லி 2015 ஜூலை 1 முதல் மறுபடி கட்டாயம். அந்த ஜூன் கடைசி வாரம் ஞாபகம் இருக்கா? கடைவாசல்ல கியூ, ஸ்டாக் இல்லை, ஜிஎஸ்டி ரோடு ஓரத்துல குவிச்சு வெச்சு பிளாஸ்டிக் சட்டி வியாபாரம். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விக்கக்கூடாதுன்னு 2021 ஜூன்லதான் வந்துது. 2022 அக்டோபர்ல அபராதம் ஆயிரமாச்சு.

அதாவது நம்மாளு வண்டிக்கு ஐம்பது வருஷமா ஆசையா வாங்கினான், தலைக்கு மட்டும் கோர்ட் சொல்லி வாங்கினான். இப்ப அதுவும் மாறுது, உண்மையிலேயே சந்தோஷம். நல்ல ஹெல்மெட், ஜாக்கெட், கிளவுஸ்னு தேடித் தேடி வாங்கறாங்க, வண்டி சத்தத்தை விட ஹெல்மெட் சர்டிபிகேட் பத்தி அதிகமா பேசறாங்க.

ஆனா மாமல்லபுரம் டீக்கடை வாசல்ல அரைமணி நேரம் நின்னு பாருங்க. முன்னாடி உக்காந்திருக்கறவர் விண்வெளி வீரர் கணக்கா வர்றார். பின்னாடி அவங்க வீட்டம்மா, இல்ல அம்மா, காட்டன் புடவையில, மல்லிப்பூவோட, வெறுந்தலையோட. விழுந்தா ரோடு ஆள் பார்த்தா அடிக்கும்? நண்பரோட லிஸ்ட்டை திரும்பப் பார்த்தேன், ரெண்டாவது ஹெல்மெட் இல்லை. "அவங்க எப்பவாவதுதானே வர்றாங்க"ன்னார். பொம்மை புல்லட்டுக்கு யாருமே உக்கார மாட்டாங்கன்னு சொல்லத் தோணுச்சு. சொல்லிட்டேன். ரெண்டு நாள் பேசலை.

இதுல ஒரு வேடிக்கை, பின் சீட்டுக்காரங்களுக்குன்னு சட்டமே வண்டியோட வாங்கிக் கொடுக்கற சாமான் ஒண்ணு இருக்கு. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123வது விதி: பிடிச்சுக்க கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், உடை சக்கரத்துல சிக்காம இருக்க பின்சக்கரத்துல பாதியையாவது மறைக்கற தடுப்பு. நாம சாரி கார்டுன்னு சொல்றோமே, அதேதான். புது புல்லட் எடுத்த நம்ம பசங்க முதல் வாரமே கழட்டறது அதைத்தான், லுக் கெட்டுப்போகுதாம். நம்ம மெக்கானிக் அண்ணன் கடைப் பின்பக்கம் அப்படிக் கழட்டினது கோணிப்பையில கிடக்கு, எல்லாம் புத்தம் புதுசு. என்ன பண்ணுவீங்க அண்ணேன்னு கேட்டேன். பை நிறைஞ்சதும் எடைக்குப் போட்டுடுவாராம், இந்த வருஷத்துல இது மூணாவது பை.