பேரீச்சம்பழத்துக்கு மாறாத பொருள்

பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் நிறுத்துக் கொடுத்த தெரு வியாபாரியை ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர் யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அந்த வியாபாரத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. ஓட்டை அண்டா பட்டறைக்குப் போய் உருகிப் புதுப் பாத்திரமானது. தேய்ந்த கொழு கொல்லன் உலைக்குப் போனது. நேற்றைய நாளிதழ் மளிகைக் கடையில் பொட்டலமானது. வீட்டுக்காரர் தூக்கிப்போட்ட எதுவும் வீணாகவில்லை. அதைச் சுமந்து போனவரின் உடம்பிலும் அது நஞ்சாகத் தங்கவில்லை. கம்ப்யூட்டர் பழசாகத் தொடங்கியபோதுதான் இந்த ஒழுங்கு குலைந்தது.

அது குலைந்த விதத்தைக் கேரளத்தின் ஒரு மூலையிலிருந்து பார்க்கலாம். திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை தாலுகாவில், விழிஞ்ஞத்தை ஒட்டிக் கடற்கரை வரை நீளும் ஊராட்சி கோட்டுகால். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்த பகுதிகளில் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. எல்லை பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே விழுந்தது. பழைய சாமான் தொழில் அந்த எல்லையைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. திருவனந்தபுரம் பக்கத்தில் ‘ஆக்ரி’ எனப்படும் பழைய சாமான் கடைகளிலும், தெருத்தெருவாகச் சாமான் எடுப்பவர்களிலும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் நெடுங்காலமாகவே நிறையப் பேர். கேரளத்தில் கம்ப்யூட்டர் குப்பையின் கதையைச் சொல்லத் தொடங்கினால் இவர்களை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

அந்த மாநிலம் மின்னணுத் துறையில் முந்திக்கொண்ட மாநிலம். மாநில அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரான் 1973-இல் தொடங்கியது; 1990-இல் திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் வந்தது. கிராமத்துப் பிள்ளைகளின் கைக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோனது 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்று பாராமல் ஆய்வகங்கள் முளைத்தன. மேசைக்கு மேசை, பின்புறம் புடைத்த கனமான கண்ணாடிக் குழாய்த் திரைகள். பத்து ஆண்டுகளுக்குள் அவையெல்லாம் தட்டைத் திரைக்கு இடம் விட்டு மாடிப்படிக்குக் கீழும் ஆய்வகத்தின் மூலையிலும் அடுக்கப்பட்டன. அரசுச் சொத்துப் பதிவேட்டில் இருந்ததால் யாரும் எடுத்து எறியவும் முடியாது. எறிவதற்கு இடமும் கிடையாது.

பழைய சாமான் வியாபாரியின் கண்ணுக்கு அதில் தாமிரமும் அலுமினியமும் தெரியும். மதர்போர்டில் தங்கமும் உண்டு. நல்ல தாதுவிலேயே ஒரு டன்னுக்குச் சில கிராம் தங்கம்தான் தேறும். ஒரு டன் மதர்போர்டில் நூறு கிராமுக்கும் மேல் தேறும். ஆனால் அந்தக் குழாய்த் திரை ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் கிலோக் கணக்கில் காரீயம் கலந்திருக்கிறது. கண்ணாடி உடைந்தால் உட்புறத்துப் பூச்சு தூளாகிப் பறக்கும். ஒயரின் பிளாஸ்டிக் உறையை எரித்துத் தாமிரத்தை எடுத்தால் டையாக்சின் புகை எழும். தங்கத்தைப் பிரிக்க நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வேண்டும். கழுவிய அமிலம் சாக்கடைக்கோ ஆற்றுக்கோதான் போகும். இரும்பை நிறுத்து வாங்கிய அதே கைகள், அதே வெறுங்கைகள், இதையும் உடைத்தன.

இதை உலகத்துக்கு முதலில் உரக்கச் சொன்னது 2002 பிப்ரவரியில் வந்த ஓர் அறிக்கை. பாசல் ஆக்‌ஷன் நெட்வொர்க் உள்ளிட்ட அமைப்புகள் சேர்ந்து வெளியிட்டது. அமெரிக்காவில் ‘மறுசுழற்சிக்கு’ என்று கொடுக்கப்பட்ட கம்ப்யூட்டர்கள் கப்பலேறி, சீனாவின் குய்யூவிலும் கராச்சியிலும் டெல்லியிலும் தெருவோரத்தில் எரிக்கப்படுவதை அது படங்களோடு காட்டியது. டெல்லியின் சீலம்பூரில் பிரித்தெடுத்த பலகைகள் உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்துக்குப் போயின. பித்தளை வேலைக்குப் பேர்போன அந்த ஊரில் உலோகத்தை உருக்கத் தெரிந்த குடும்பங்கள் ஏராளம். எரித்த பலகையின் சாம்பலை அவர்கள் ராமகங்கை ஆற்றங்கரையில் சலித்தார்கள். பல தலைமுறைக் கைத்திறன் நச்சுத் தொழிலுக்குப் போய்ச் சேர்ந்த துயரம் அது. அந்தக் கைகளைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. அவர்கள் உடைத்ததைச் செய்து விற்ற நிறுவனங்களும், வாங்கிப் பயன்படுத்திய அலுவலகங்களும் எங்கே போயின என்று கேட்பதுதான் நியாயம்.

அலுவலகங்கள் ஏலம் போட்டுக்கொண்டிருந்தன. இந்தியாவில் அரசு நிறுவனங்கள் பழைய சாமானைக் கழித்தது பெரும்பாலும் அப்படித்தான்: பட்டியல் போடு, ஏலம் விடு, அதிக விலை கேட்டவனுக்குக் கொடு. இந்த வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2010-இல் டெல்லி மாயாபுரி காட்டியது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த ஒரு கதிர்வீச்சுக் கருவி ஏலத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போனது. அதற்குள் கோபால்ட் 60 இருந்தது. உடைத்தவர்களில் ஒருவர் இறந்தார். பலர் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். கம்ப்யூட்டர் அப்படிச் சில வாரங்களில் ஆளைக் கொல்லாது. அதனால்தான் அந்த ஏலங்களைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அதற்கு முன்பே வேறு வழியைக் காட்டியவர்கள் உண்டு. பெங்களூருக்கு அருகே டாபஸ்பேட்டையில் 2005-இல் தொடங்கிய ஈ-பரிசரா, மின்னணுக் கழிவைப் பிரிக்க நாட்டில் முதலில் அனுமதி பெற்ற ஆலை. சட்டம் அதற்குப் பின்னால்தான் வந்தது. 2011-இல் அறிவித்த மின்னணுக் கழிவு விதிகள் 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. செய்து விற்றவரே திரும்பப் பெறும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது அவற்றின் சாரம்.

கேரளத்தின் பாதையைத் திருப்பியது விளப்பில்சாலை. திருவனந்தபுரம் மாநகரம் தன் குப்பையை 2000-ஆம் ஆண்டு முதல் அந்தக் கிராமத்து ஆலையில் கொண்டுபோய்க் கொட்டியது. நாற்றத்தையும் கெட்டுப்போன கிணற்று நீரையும் பொறுத்துப் பார்த்த ஊர்மக்கள், 2011 டிசம்பரில் ஊராட்சியின் துணையோடு ஆலையை மூட வைத்தார்கள். மறுபடி திறக்க அரசு முயன்றபோது வழியை மறித்தார்கள். நகரத்தின் கழிவுக்குக் கிராமம் பாயாக விரிய முடியாது என்று அவர்கள் சொன்னதில்தான் கேரளத்தின் இன்றைய ஏற்பாடு பிறந்தது: உண்டான இடத்திலேயே பிரி, மக்காததைத் தனியே சேர். 2013-இல் மக்காத கழிவைக் கையாளும் அரசு நிறுவனமாகக் கிளீன் கேரளா கம்பெனி உருவானது. வீடு வீடாகச் சென்று அதைச் சேகரிக்க, வார்டு தோறும் பெண்கள் கொண்ட ஹரித கர்ம சேனை வளர்ந்தது. ஐடி அட் ஸ்கூல் 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது. பள்ளி மூலைகளில் குவிந்திருந்த குழாய்த் திரைகளும் பழுதான பெட்டிகளும் கிளீன் கேரளாவின் லாரியில் ஏறின. ஏலம் இல்லை. இனிப் பழுது பார்த்துப் பயன்படுத்த முடியாது என்று பார்த்த பிறகே சாமான் கைமாற வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்தப் ‘பழுது பார்த்து’ என்ற நிபந்தனைக்குப் பின்னால் கேரளத்துக்கே உரிய ஒரு வரலாறு இருக்கிறது. 2001 ஜூலையில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் மாநிலத்துப் பள்ளி ஆய்வகங்கள் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸுக்கு மாறின. உரிமக் கட்டணம் மிச்சம் என்பதுதான் அன்று பேசப்பட்ட ஆதாயம். ஆனால் இன்னொரு ஆதாயமும் கூடவே வந்தது. புதிய விண்டோஸ் வரும்போதெல்லாம் பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவைக்க வேண்டிய கட்டாயம் பள்ளிகளுக்கு இல்லாமல் போனது. வன்பொருள் முகாம்கள் நடத்தி, இரண்டு மூன்று பழுதான பெட்டிகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றை ஓடவைக்க ஆசிரியர்களும் மாணவர்களும் பழகினார்கள். இந்த நூற்றாண்டில் கம்ப்யூட்டர் குப்பை விஷயத்தில் கேரளம் செய்த மிகப் பெரிய நன்மை அதுதான், எந்தக் கழிவுக் கணக்கிலும் அது ஏறாவிட்டாலும். 2025 அக்டோபர் 14-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான ஆதரவை நிறுத்தியபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்கள் உலகம் முழுக்க ஒரே நாளில் ‘பழசு’ ஆயின. அந்த அவதி இந்தப் பள்ளி ஆய்வகங்களைத் தொடவில்லை.

ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கசப்பான அனுபவங்கள் உண்டு. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் கழிவு கோடகநல்லூர் உள்ளிட்ட திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமங்களில் கொட்டப்பட்டது வெளியே வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகு கேரள அரசு லாரிகளை அனுப்பி அதைத் திரும்ப அள்ளிக்கொண்டு போனது. விளப்பில்சாலை சொன்ன நியாயம் கோடகநல்லூருக்கும் பொருந்தும் அல்லவா? உலக அளவிலும் அதே கேள்விதான். பாசல் ஒப்பந்தத்தின் திருத்தம் 2025 ஜனவரி 1 முதல் எல்லா வகை மின்னணுக் கழிவுக்கும் ஒரு கட்டுப்பாடு போட்டது: பெறும் நாடு முன்கூட்டியே சம்மதிக்காமல் கப்பலில் ஏற்றக் கூடாது. அதே ஆண்டு மே 2-இல் கோட்டுகாலை ஒட்டிய விழிஞ்ஞம் சர்வதேசத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய சரக்குக் கப்பல்கள் அந்தக் கரையில் பெட்டி மாற்றுகின்றன. அந்தப் பெட்டிகளுக்குள் இருப்பதைச் சுங்கத் துறை எவ்வளவு கூர்ந்து பார்க்கிறது என்பது இனிமேல் இந்த ஊர்களின் கவலையும்தான்.

உலகில் 2022-இல் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உண்டானது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். இந்தியா 2022-இல் விதிகளைத் திருத்தி எழுதியது. 2023 ஏப்ரல் 1 முதல் அவை நடப்பில் உள்ளன; பட்டியலில் இருந்த 21 பொருள்கள் 106 ஆயின. நல்லதுதான். ஆனால் ‘பெரும் பயனாளர்’ என்ற பொறுப்பு ஆயிரம் கருவிகளாவது வைத்திருப்பவருக்கே என்று புதிய விதி வரையறுக்கிறது. கோட்டுகால் போன்ற ஊரின் பள்ளி, ஊராட்சி அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், தெருமுனை ஜெராக்ஸ் கடை எதுவும் அந்த எண்ணிக்கையைத் தொடாது. சேகரிப்பு மையம் நடத்துபவருக்கோ பிரித்தெடுப்பவருக்கோ புதிய விதியில் தனிப் பதிவும் இல்லை.

அந்த இடைவெளியைக் கேரளத்தில் நிரப்ப வந்திருப்பது ஹரித கர்ம சேனைதான். 2025-இல் நகராட்சிப் பகுதிகளில் தொடங்கி, வீட்டுக்கு வந்து மின்னணுக் கழிவை எடைபோட்டு எடுத்து, அதற்கு விலையும் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. விலை கொடுப்பது முக்கியமான முடிவு. பேரீச்சம்பழ வியாபாரி எப்போதோ அறிந்திருந்தார்: கையில் ஏதாவது வந்தால்தான் வீட்டுக்காரர் பரணில் இருப்பதை இறக்குவார்.

ஆனால் ஆக்ரிக்காரர் இன்னமும் வெளியேதான் நிற்கிறார். அவரும் விலை கொடுக்கிறார். பல சமயம் கூடுதலாகவே கொடுக்கிறார், தாமிரத்தை எரித்தாவது எடுத்துவிடலாம் என்பதால். புனேயில் 2008-இல் குப்பை பொறுக்கும் தொழிலாளர்களையே உறுப்பினர்களாகக் கொண்டு அமைந்த ஸ்வச் கூட்டுறவு, இன்று வீடுகளிலிருந்து மின்னணுக் கழிவையும் எடுத்து முறையான ஆலைக்குச் சேர்க்கிறது. நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் பழைய சாமான் எடுக்கும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு ஓர் அடையாள அட்டை, எதை உடைக்கக் கூடாது என்ற பயிற்சி, உடைக்காமல் கொண்டுவந்து சேர்த்தால் நியாயமான விலை இவை மூன்றும் உள்ளாட்சி வழியாகவே கிடைக்கச் செய்ய முடியும். லாரியும் கிடங்கும் கிளீன் கேரளாவிடம் ஏற்கெனவே இருக்கின்றன.