எதிர்முழக்கத்தின் கணக்கு: ரிவெர்ப் வடிவமைப்பில் ஒலித்தரமும் செயலிச் சுமையும்

இரண்டு விநாடி எதிர்முழக்கம் உள்ள ஒரு மண்டபத்தைக் கணினியில் அப்படியே கொண்டுவர, விநாடிக்கு 44,100 சாம்பிள் என்ற வீதத்தில், வெளிவரும் ஒவ்வொரு சாம்பிளுக்கும் 88,200 பெருக்கல்கள் தேவை. ஒற்றை ஒலித்தடத்துக்கே விநாடிக்கு ஏறத்தாழ 389 கோடி. ரிவெர்ப்பின் வரலாற்றை இந்தச் சுமைக்காகத் தரத்தை விட்டுக்கொடுத்த கதையாகப் பார்ப்பது எளிது. எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. காது எதைக் கவனிக்கிறது, எதைக் கடந்துவிடுகிறது என்ற அறிவு படிப்படியாக வளர்ந்ததுதான் இதன் மையம். சுமை குறைந்தது அந்த அறிவின் விளைவு.

பெல் ஆய்வுக்கூடத்தில் மன்ஃபிரெட் ஷ்ரோடர் தொடங்கிய வேலை இதற்குச் சான்று. ஒலியை ஒரு தாமத வளையத்துக்குள் சுழலவிட்டால் எதிரொலி வரும். ஆனால் சில அதிர்வெண்கள் மட்டும் தூக்கலாகி உலோக ஓசை ஒட்டிக்கொள்ளும். 1961இல் அவரும் லோகனும் முன்வைத்த ஆல்பாஸ் வடிப்பான் எல்லா அதிர்வெண்களையும் சமமாகக் கடத்தியபடியே எதிரொலிகளைப் பெருக்கியது. 1962இன் வடிவமைப்பில் இணையாக நான்கு வளையங்கள், தொடராக இரண்டு ஆல்பாஸ்கள். சாம்பிளுக்குப் பத்துப் பெருக்கல்கூட ஆகாது. அறையின் ஒவ்வொரு எதிரொலியையும் பின்பற்ற வேண்டியதில்லை, விநாடிக்கு சுமார் 1,000 இருந்தால் போதும் என்பது ஷ்ரோடரின் கணிப்பு. டிரம் போன்ற சட்டென வெடிக்கும் ஒலிகளுக்கு அது போதவில்லை. பின்னாளில் டேவிட் கிரீசிங்கர் 10,000 வேண்டும் என்றார்.

1979இல் ஜேம்ஸ் மூரர் வளையத்துக்குள் ஓர் எளிய வடிப்பானை வைத்து, காற்று உயர் அதிர்வெண்களை உறிஞ்சுவதைக் கொண்டுவந்தார். சொற்பச் செலவு, பெரிய பலன். அதற்கு முந்தைய ஆண்டே வெளிவந்த லெக்சிகன் 224 கருவியில் கிரீசிங்கர் தாமத நீளங்களை மெல்ல அசைத்து, குறைந்த வளையங்களிலேயே உலோக ஓசையை மங்கச் செய்திருந்தார். 1991இல் ஜோ, ஷேஞ் இருவரும் தாமதங்களை ஓர் அணி வழியாக ஒன்றோடொன்று பின்னும் முறையை ஒழுங்குபடுத்தினர். 16 தாமதங்களுக்குப் பொதுவான அணி 256 பெருக்கல் கேட்கும். +1, −1 மட்டுமே கொண்ட ஹாடமார்ட் அணியைத் தேர்ந்தால் 64 கூட்டல் கழித்தலிலேயே முடிந்துவிடும்.

2000இல் ‘ஜெசார்’ என்ற பெயரில் ஒருவர் எவரும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்ட ஃப்ரீவெர்ப் ஷ்ரோடரின் நேரடி வாரிசு: ஒரு பக்கத்துக்கு எட்டு வளையங்கள், நான்கு ஆல்பாஸ்கள். அதன் நிரலை எண்ணிப் பார்த்தால் சாம்பிளுக்கு 28 பெருக்கல்தான். இத்தகைய வளையங்களில் சுமை எதிர்பாராத இடத்தில் வந்து நின்றது. பாட்டு நின்று முழக்கம் தேயும்போது எண்கள் மிக நுண்ணியவையாகச் சுருங்கும். அக்காலச் செயலிகள் பலவும் அவற்றைக் கையாளப் பல மடங்கு நேரம் எடுத்தன. இசை ஒலிக்கையில் அமைதியாக இருந்த செயலி மௌனத்தில் திணறியது. கேட்கவே முடியாத அந்த எண்களைப் பூச்சியமாக்கும் ஒரு வரி ஃப்ரீவெர்ப்பிலேயே இருக்கிறது. ஒலித்தரத்தில் எந்த இழப்பும் இல்லாத இந்தச் சேமிப்பை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

மறுபக்கம், உண்மையான மண்டபத்தின் பதிவையே பயன்படுத்தும் கன்வொல்யூஷன் முறை. 1995இல் வில்லியம் கார்ட்னர் பதிவின் தொடக்கத்தை நேரடியாகவும், மீதியை வரவரப் பெரிதாகும் துண்டுகளாக வேகமான ஃபூரியே உருமாற்றம் வழியாகவும் கணக்கிட்டு, தாமதமின்றியே செலவைப் பெருமளவு குறைத்தார். 2001இல் ஆல்டிவெர்ப் இம்முறையைப் பிளக்இன் வடிவில் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குக் கொண்டுவந்தது. ஆனால் பெரிய துண்டின் வேலை ஒரே நேரத்தில் வந்து விழும். 64 சாம்பிள் பஃபரில், அதாவது ஒரே தடவையில் கணக்கிடப்படும் தொகுதியில், கிடைக்கும் அவகாசம் 1.45 மில்லிவிநாடி, சராசரிச் சுமை குறைவாக இருந்தும் ஒருமுறை பிந்தினால் ஒலி வெட்டுப்படும். ஆகவே அந்த வேலையைப் பல பஃபர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டியிருக்கிறது.

முழக்கத்தின் பிற்பகுதி இரைச்சலைப் போன்றது என்பதை மூரர் முன்பே கவனித்திருந்தார். 2007இல் கர்யலைனனும் யார்வெலைனனும் அதிலிருந்து மேலும் சென்றனர். +1, −1, பூச்சியம் மட்டுமே கொண்ட ‘வெல்வெட்’ இரைச்சல், விநாடிக்கு சுமார் 2,000 துடிப்புகளிலேயே காதுக்கு வழுவழுப்பாகிவிடுகிறது. இரண்டு விநாடி முழக்கத்துக்குச் சாம்பிளுக்கு 88,200 பெருக்கலுக்குப் பதில் ஏறத்தாழ 4,000 கூட்டல் கழித்தல். ஒலி தேய்வதற்கான சில பெருக்கல்கள் மட்டும் தனி.