கஞ்சியும் திரைச்சீலையும்

கோலார் தங்கவயலின் இருப்புப்பாதையில் கோரமண்டல் என்றொரு நிலையம் உண்டு. பங்காருப்பேட்டைக்கும் மாரிக்குப்பத்திற்கும் இடையே வண்டியேறிச் செல்லும் ஸ்கெலட்டன் வாசிகளுக்கு இது பழகிய பெயர். சோழமண்டலம் என்னும் நம் சொல்லே அயலார் நாவில் அவ்வாறு திரிந்தது. இவ்வயலில் அப்பெயர் தங்கத்தோடு சேர்ந்து ஒலித்தது. ஆயினும் அதனை உலகறியச் செய்தவற்றுள் முதன்மையானது துணியே ஆகும். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய வண்ணத் துணிகள் ஐரோப்பியச் சந்தைகளை நிறைத்தன. தம் நாட்டு நெசவாளரைக் காக்கும் பொருட்டு 1686இல் பிரான்சும், 1721இல் இங்கிலாந்தும் அத்தகைய துணிகளுக்குத் தடை விதித்தன.

அத்தொழிலின் கருவிகள் யாவை என்று கேட்டால் நேயர்கள் வியப்படையலாம். கெர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1742இல் இக்கரையிலிருந்து தம் நாட்டிற்கு எழுதிய கடிதத்தில் கடுக்காயையும் எருமைப்பாலையும் குறிப்பிடுகிறார். கடுக்காயின் துவர்ப்பு துணியில் ஏறும். பாலின் கொழுப்பு நிறம் பரவாமல் காக்கும். பழைய இரும்பையும் வெல்லத்தையும் நீரிலிட்டு இரு வாரங்கள் ஊறவைத்து, புளியங்கொட்டை மாவால் கெட்டிப்படுத்திக் கடுக்காய் ஏறிய துணிமேல் இட்டால் அழியாத கருமை பிறக்கும். நாற்றம் மட்டும் தாங்க முடியாதது.

நிறத்தை ஏற்றுவதை விட, வேண்டாத இடத்தில் ஏறாமல் தடுப்பதே இத்தொழிலின் உயிர் என்று நாம் கருதுகிறோம். மதுரைச் சௌராஷ்டிர மக்கள் நூலால் முடிச்சிட்டுத் தடுத்தனர்; அதுவே சுங்குடி. கொள்ளிடக் கரையிலுள்ள கோடாலிக் கருப்பூரில் மெழுகால் தடுத்தனர். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தாருக்காக அங்கே சரிகை இழையோடிய சேலைகளில் மெழுகும் சாயமும் கொண்டு கோலமிட்டனர். 1855இல் அரசர் இரண்டாம் சிவாஜி வாரிசின்றி மறைந்தபின் அச்சேலையை வாங்குவார் அருகினர், தொழிலும் அருகிற்று.

ஜப்பானியர் அரிசிப் பசையால் தடுத்தனர். பெர்சிமன் பழச்சாற்றில் தோய்த்துக் கெட்டியாக்கிய தாளில் உருவத்தை வெட்டி, அதன் வழியே பசையை அழுத்துவர். இங்கே ஓர் இடர் உண்டு. வளையம் ஒன்றை வெட்டினால் அதன் நடுப்பகுதி கழன்று விழுந்துவிடும் அன்றோ? அதனைத் தாங்குவதற்காகத் தாளின்மேல் மெல்லிய பட்டிழைகளை வலையாகப் பரப்பினர். இழை நிற்கும், பசையோ இழைகளின் இடையே இறங்கிவிடும். இன்று ஸ்கிரீன் பிரிண்டிங் என வழங்கும் திரையச்சின் கருத்து இதுவே. 1907இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் பட்டுத்திரை அச்சிற்கு உரிமம் பெற்றார்.

பெரிய ஆலைக்கு உரிய இக்கலை சிறிய வீட்டிற்குள்ளும் அடங்கும். கண்ணாடி நீங்கிய பழைய படச் சட்டம் ஒன்று போதும். அதில் மெல்லிய நைலான் திரைச்சீலைத் துண்டைத் தொய்வின்றி இழுத்து ஆணியடித்துவிட வேண்டும். உருவத்தைப் பென்சிலால் வரைந்து, நிறம் வேண்டாத இடமெல்லாம் நகப்பூச்சால் அடைக்கலாம். மர ஒட்டுப்பசையாலும் அடைக்கலாம், ஆயின் அது நீரில் இளகும். சில படிகளோடு நின்றுவிடும். திரையைத் துணிமேல் வைத்து, ஓரத்தில் சாயக்குழம்பை ஊற்றி, தடித்த அட்டையின் நேரான விளிம்பால் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். குழம்பு தயிர் போல் இருத்தல் நலம். நாம் முதலில் செய்தபோது அது மோர் போல் நீர்த்திருந்தது. மாங்காய் வடிவம் பூசணியாகிவிட்டது! மஞ்சளையும் நம்பினோம், நான்கு நாள் வெயிலில் அது வெளுத்தது.

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபின் இவ்வூரார் பலர் நாள்தோறும் பெங்களூருக்கு வேலை தேடிச் செல்கின்றனர். வீட்டிலிருந்தே தலையணை உறையும் கைப்பையும் அச்சிட்டு விற்க விரும்புவோர்க்கு இச்சட்டம் சிறு துணையாகலாம். அவ்வாறு விற்பவர் அதனைத் திரையச்சு என்றே சொல்லி விற்றல் வேண்டும் என்பது நம் கருத்து. காரணம் மதுரையில் இருக்கிறது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகளைக் கையாலிடும் பெண்ணின் உழைப்பைத் திரை சில நிமிடங்களில் போலி செய்துவிடுகிறது. விலை போட்டியில் அவள் தோற்கிறாள். 2005இல் மதுரைச் சுங்குடி புவிசார் குறியீடு பெற்றது. எனினும் அச்சிட்ட புள்ளிச் சேலைகள் சுங்குடி என்ற பெயரிலேயே கடைகளில் விற்கின்றன.

நேயர்கள் சேலை வாங்கும்போது புள்ளிகளை ஊன்றி நோக்குக. முடிச்சிட்ட துணியில் ஒரு புள்ளி பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் இருக்கும்; நூல் இறுகிய இடத்தில் சிறு சுருக்கம் தெரியும்; மறுபக்கத்திலும் நிறம் குன்றாது. அச்சிட்டதில் புள்ளிகள் யாவும் ஒரே அளவினவாய் நிற்கும். பெரும்பாலும் மறுபக்கம் வெளிறியிருக்கும்.