துரோகி என்று பெயர் வாங்கியவர்கள்

1519ல் ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்ட இருபது அடிமைப் பெண்களில் ஒருத்தி மலின்சே. அவனுக்கு மொழிபெயர்ப்பாளரானாள், பிள்ளையும் பெற்றாள். பின்னாளில் மெக்ஸிகோவில் அவள் பெயரே துரோகத்துக்கு மறுபெயராகிவிட்டது. கைமாற்றி விடப்பட்டவள் யாருக்கு விசுவாசமா இருந்திருக்கணும்னு ரொம்ப காலம் யாரும் கேட்கல.

அமெரிக்காவில் மெக்ஸிக வம்சாவளியினரின் சிகானோ இயக்கம் சூடுபிடித்திருந்தபோது, வீட்டுக்குள் நடப்பதைப் பேசிய பெண்களையும் ‘மலின்சே’ என்றுதான் திட்டினார்கள். கார்மென் டஃபோயா, லூச்சா கோர்ப்பி போன்ற சிகானா கவிஞர்கள் அவளையே கவிதைக்குள் கொண்டுவந்தார்கள். 1987ல் குளோரியா அன்சால்டுவாவின் ‘பார்டர்லேண்ட்ஸ்’ ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்து, பல இடங்களில் மொழிபெயர்ப்பே இல்லாமல் வந்தது. புரியலையா, நீ கத்துக்கோ என்கிற தோரணை.

நாரணாபுரத்துக்காரங்களுக்கு இது தூரத்துச் சமாச்சாரம் இல்லை. எங்கள் மாவட்டத்திலேயே, வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்த பாமா 1992ல் ‘கருக்கு’ எழுதினார். தலித் கிறிஸ்தவர்களின் பேச்சுத் தமிழ், இலக்கணத்துக்குப் பயப்படாமல். ஊர் கோபப்பட்டது, சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. 1994ல் ‘சங்கதி’. சாதி செய்யும் கொடுமையோடு சொந்த ஆண்கள் அடிக்கும் அடியும் அதில் உண்டு. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய் வீட்டைத் தாங்கும் சிறுமி மைக்கண்ணியை எங்க ஊர் பஸ்ஸில் பார்க்காதவர் யார்?

பாமா உரைநடைக்காரர். கவிதையில் இந்த இடத்துக்கு 2000க்குப் பிறகு பலர் வந்தார்கள். துவரங்குறிச்சியில் சல்மா வீட்டுக்குத் தெரியாமல், புனைபெயருக்குள் ஒளிந்து எழுதினார். குட்டி ரேவதியின் ‘முலைகள்’ 2002ல் வந்ததும் தமிழ்ப் பண்பாடே போச்சு என்று சினிமாப் பாடலாசிரியர்கள் சிலர் கொதித்தார்கள். (அவங்க பாட்டுல பெண் உடம்பு வராமலா இருந்தது?)

ரேவதியை விட சல்மாவுக்கும் சுகிர்தராணிக்கும் சிக்கல் கூடுதல் என்று நினைக்கிறேன். முஸ்லிம் வீட்டின் கதவைப் பற்றி சல்மா எழுதினால், முஸ்லிம்களை வெறுப்பவன் அதைத் தூக்கிக்கொண்டு போவான். தலித் ஆணைப் பற்றி எழுதினால் சாதிக்காரன் கைதட்டுவான். ‘இப்ப பேசாதே, எதிரி கேட்டுக்கிட்டிருக்கான்’ என்று உள்ளேயிருந்து சொல்பவரின் பயம் முழுப்பொய்யும் இல்லை. ஆனா அந்த ‘இப்ப’ எப்போ முடியும்? சிகானோ இயக்கத்திலும் பெண்களிடம் இதைத்தான் சொன்னார்கள்.

2021ல் டெல்லி பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து சில படைப்புகளை நீக்கியது. சுகிர்தராணியின் கவிதைகள் போயின. கூடவே ‘சங்கதி’யும்.