சந்திரசேகர் அச்சிட்ட காற்று

காரைக்கால் பக்கம் குரும்பகரத்தில் சாயங்காலம் வரப்பில் நடந்தால் கடல்காற்று சுகமாக வரும். காற்று என்றால் நமக்கு அதுதான். சூரியனிலிருந்தும் ஓயாமல் ஒரு காற்று வீசுகிறது என்று 1958-ல் யூஜின் பார்க்கர் எழுதினார். நம்ப ஆளில்லை!

கட்டுரை போன இடம் 'அஸ்ட்ரோஃபிசிகல் ஜர்னல்'. பரிசீலித்த நிபுணர்கள் இரண்டு பேருமே 'தேறாது' என்றுவிட்டார்கள். ஆசிரியர் நம்ம ஆள். மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அந்த யோசனை பிடிக்கவில்லைதான். ஆனால், கணக்கில் தப்பு எங்கே என்று யாரும் காட்டவில்லையே? அச்சுக்கு அனுப்பிவிட்டார். (பி.காம். படித்தவன் சொல்கிறேன்... பிடிக்காத கணக்காக இருந்தாலும் கூட்டல் சரியென்றால் கையெழுத்துப் போடும் ஆடிட்டர் அபூர்வம்!)

சரி, அந்தக் காற்றை அளப்பது எப்படி? 1959-ல் சோவியத் லூனா கலங்கள் முதல் தடயத்தைப் பிடித்தன. சந்தேகம் தீர்ந்தது 1962-ல், வெள்ளிக்குப் போன மரைனர்-2 மூலம். மார்சியா நியூகபவர், கான்வே ஸ்னைடர் இருவரின் கருவி அதில் போனது. வளைந்த இரண்டு உலோகத் தகடுகள், நடுவே வோல்டேஜ். அந்த வோல்டேஜுக்குத் தோதான ஆற்றலுள்ள துகள் மட்டும் வளைவில் திரும்பி மறுமுனைக்குப் போகும். மற்றதெல்லாம் சுவரில் முட்டிக்கொள்ளும். வோல்டேஜை மாற்றி மாற்றி எண்ணினால் வேகம் தெரிந்துவிடும். விநாடிக்கு 400 முதல் 700 கிலோமீட்டர்! மாதக்கணக்கில் அளந்தும் காற்று நிற்கவேயில்லை.

2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா-எல்1-ன் ஆஸ்பெக்ஸ், பாபா கருவிகள் அளக்கப் போனதும் இதே காற்றைத்தான். திட்ட இயக்குநர், செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி.

சந்திரசேகர் 1995-ல் காலமாகிவிட்டார். 2018-ல் பார்க்கர் பெயரையே சூட்டி நாசா ஒரு கலத்தைச் சூரியனை நோக்கி ஏவியபோது, 91 வயதுப் பார்க்கர் நேரில் போய் நின்று பார்த்தார்.